இன்ஹேலர் கவுண்டர் சொல்வது பாதிக் கணக்கு

கேள்வி: ஆஸ்துமா கிளினிக் ஒன்றில் செவிலியராக இருக்கிறேன். நோய் கட்டுக்குள் வராதவர்களுக்கு மருந்தின் அளவைக் கூட்டும் முன், அவர்கள் தடுப்பு இன்ஹேலரை ஒழுங்காக எடுக்கிறார்களா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பை டாக்டர் என்னிடம் கொடுத்திருக்கிறார். கேட்டால் எல்லோரும் 'தவறாமல் எடுக்கிறேன்' என்கிறார்கள். இன்ஹேலரில் மிச்சமுள்ள டோஸைக் காட்டும் கவுண்டரைப் பார்த்தால் பலருக்கு ஒத்துவரவில்லை. ஒருவருக்கு மட்டும் எடுக்கவேண்டியதைவிட அதிகமாகவே குறைந்திருந்தது. ஆனால் அவருக்குத்தான் மூச்சுத்திணறல் அதிகம். எலெக்ட்ரானிக் கருவி வாங்க வசதியில்லை. எதை நம்புவது? எத்தனை சதவீதம் வந்தால் 'சரியாக எடுக்கிறார்' என்று எழுதலாம்?

பதில்: அந்த ஒருவரிடமிருந்தே தொடங்குகிறேன். உங்கள் சந்தேகங்களில் பெரும்பாலானவை அவரிடம் வந்து முடிச்சாகி நிற்கின்றன.

கவுண்டர் எண்ணுவது இன்ஹேலரிலிருந்து வெளியேறிய பஃப்பை மட்டும்தான். அது எப்போது வெளியேறியது, யார் வாய்க்குள் போனது, நுரையீரலில் எவ்வளவு இறங்கியது என்ற மூன்றும் அதற்குத் தெரியாது. ஆகவே எண் கூடுதலாக வந்தால் காரணம் பலவாக இருக்கலாம். புது இன்ஹேலரைத் திறந்ததும், சில நாள் சும்மா கிடந்த பிறகும், காற்றில் சில முறை அடித்துப் பார்க்கச் சொல்கிறோம். அதையும் எண்ணும் கவுண்டர்கள் உண்டு. அடித்தது தொண்டையிலேயே தங்கிவிட்டது என்று தோன்றி மறுபடி அடிப்பவர்கள் உண்டு. வீட்டில் இன்னொருவருக்கு வீசிங் வந்தால் அதே இன்ஹேலரை நீட்டுவதும் நடக்கிறது. மூச்சு வாங்கும்போது, திணறலை உடனே தணிக்கும் ரிலீவர் இன்ஹேலருக்குப் பதில் தடுப்பு மருந்தையே அடிப்பவர்களும் இருக்கிறார்கள். கடைசியாக, கிளினிக்குக்குக் கிளம்பும் முன் வரிசையாக அழுத்திக் காலி செய்துவிட்டு வருவது. நேரத்தைப் பதியும் கருவியை நோயாளிகளின் இன்ஹேலரில் பொருத்திப் பார்த்த ஆய்வுகளில், மூன்று மணி நேரத்துக்குள் நூறு முறைக்குமேல் அழுத்தியவர்கள் இருந்தது பதிவாகியிருக்கிறது. ஏமாற்றும் புத்தி என்று அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். திட்டு வாங்கப் பயந்தவர் செய்கிற காரியம் அது. ஒரு கிளினிக்கில் இது அடிக்கடி நடந்தால், அங்கே கேள்வி கேட்கும் விதத்தைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

இந்தக் காரணங்களைப் பிரித்தறியச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. இடையில் இரண்டு முறை கவுண்டரைப் படிப்பது. முதல் நாளே நோயாளியிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்: 'நடுவில் எப்போதாவது செய்தி அனுப்புவேன், அப்போது கவுண்டரைப் போனில் படம் எடுத்து அனுப்புங்கள்' என்று. எந்த நாள் என்பதை மட்டும் சொல்லவேண்டாம். தெரியாமல் கண்காணிப்பது சரியல்ல. தெரிந்துவிட்டால் பிறகு அவர் உங்களிடம் எதையும் மனம்விட்டுப் பேசவும் மாட்டார்.

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். 120 டோஸ் உள்ள இன்ஹேலர், காலை இரண்டு, இரவு இரண்டு பஃப். ஒரு நாளைக்கு 4. முதல் நாள் காலை தொடங்கியவர் 25-ஆம் நாள் காலை மருந்து எடுக்கும் முன் வந்தால், முழுதாக 24 நாள். எடுத்திருக்கவேண்டியது 96. கவுண்டரில் 68 நிற்கிறது என்றால் போனது 52. அதாவது 54 சதவீதம். இந்த ஒற்றை எண்ணை எழுதி முடித்துவிட்டால் பாதி விஷயம் கைநழுவிப் போகும். இதே ஆள் 9-ஆம் நாள் காலை அனுப்பிய படத்தில் 92, 17-ஆம் நாள் காலை 80 என்று இருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் எட்டு நாளில் 32-க்கு 28. அடுத்த எட்டு நாளில் 12. அதற்கடுத்த எட்டிலும் 12. நன்றாகத் தொடங்கி, மூச்சு சற்று இலகுவானதும் கைவிட்டவர் இவர். இவரிடம் 'ஏன் மறக்கிறீர்கள்' என்று கேட்டால் பதில் கிடைக்காது. 'முதல் வாரத்துக்குப் பிறகு எப்படி இருந்தது?' என்று கேட்டால் கிடைக்கும்.

இனி உங்கள் அந்த நோயாளி போன்றவர். 25-ஆம் நாள் கவுண்டரில் 12. போனது 108, கணக்குப்படி 112 சதவீதம். இடைப் படங்கள் 112, 106 என்று இருந்தால்? முதல் எட்டு நாளில் 8, அடுத்த எட்டில் 6, கடைசி எட்டு நாளில் 94. ஒன்று, வரும் முன் காலி செய்திருக்கிறார். அல்லது கடைசி வாரம் உடம்பு மோசமாகி, கையில் கிடைத்ததை அடித்துத் தள்ளியிருக்கிறார். இரண்டாவது சாத்தியத்தை முதலில் கேளுங்கள். அது அவசரமானது, அவமானமில்லாததும்கூட. ரிலீவரின் கவுண்டரும் அதே வாரத்தில் சரிந்திருந்தால் அதுதான் நடந்திருக்கிறது. இரவில் எழுந்தாரா, பேசும்போது மூச்சு வாங்கியதா என்று பார்த்து உடனே டாக்டரிடம் அனுப்புங்கள். மூச்சுத்திணறலோடு வந்து நிற்பவரிடம் கவுண்டர் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. சிகிச்சை முதலில், அளவீடு பிறகு.

சதவீதம் சரியாக 50-ஐ ஒட்டி வந்தால் கொஞ்சம் நின்று யோசியுங்கள். அது பெரும்பாலும் மறதியாக இருக்காது. இரவு வேளையை முழுக்க விட்டாலும் 50, இரண்டு பஃப்புக்குப் பதில் ஒன்று எடுத்தாலும் 50, ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தாலும் 50. மூன்றுக்கும் திருத்தம் வேறு வேறு. முதலாமவருக்கு நாளுக்கு ஒரே வேளை எடுக்கும் மருந்து பொருந்துமா என்று டாக்டர் பார்க்கலாம். இரண்டாமவர் 'மருந்து நீண்ட நாள் வரட்டும்' என்று சிக்கனம் பார்க்கிறாரோ என்று மெதுவாகக் கேட்கவேண்டும்.

கவுண்டரில் கவனிக்கவேண்டிய சில நுணுக்கங்கள். இன்ஹேலரைக் கொடுக்கும் நாளே, பரிசோதனைப் பஃப் அடித்த பிறகு நிற்கும் எண்ணைப் பதிவேட்டில் எழுதுங்கள். டப்பாவில் அச்சடித்த எண்ணை வைத்துக் கழிக்காதீர்கள். டிஸ்கஸ், எலிப்டா, டர்புஹேலர் மூன்றும் பவுடரை உறிஞ்சும் கருவிகள். டிஸ்கஸ் வகையில் நெம்புகோலைத் தள்ளினாலே எண் குறையும், உறிஞ்சாவிட்டாலும் குறையும். எலிப்டா வகையில் மூடியை முழுதாகத் திறந்து மூடினாலே ஒரு டோஸ் வீண். வீட்டில் குழந்தை விளையாடியிருந்தால் கணக்கு தாறுமாறாகும். டர்புஹேலரில் எண்கள் ஒவ்வொன்றாக வராமல் இடைவெளி விட்டு வருவதால், ஒரு வாரக் கணக்குக்கு அது உதவாது. குறைந்தது இரண்டு மூன்று வாரம் வேண்டும். அதை ஆட்டினால் கேட்கும் சத்தம் உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சியின் சத்தம், மருந்து மிச்சமிருப்பதன் அடையாளம் அல்ல. கேப்சூல் போட்டு உறிஞ்சும் கருவி வைத்திருப்பவரிடம், பயன்படுத்திய கூடுகளை ஒரு டப்பாவில் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். எண்ணிக்கையும் கிடைக்கும். கூட்டுக்குள் மாவு ஒட்டிக்கிடந்தால் உறிஞ்சும் வேகம் போதவில்லை என்பதும் தெரியும்.

கவுண்டரே இல்லாத கேனிஸ்டர் (ஸ்ப்ரே இன்ஹேலரின் உலோகக் குப்பி) என்றால் எடை பார்க்கலாம். ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் தராசு வேண்டும். பிளாஸ்டிக் உறையிலிருந்து கேனிஸ்டரை எடுத்துத் தனியே நிறுத்துங்கள். அதே வகைப் புது இன்ஹேலர் ஒன்றில், முன்னும் பின்னும் எடை பார்த்துப் பத்து பஃப் அடித்தால் ஒரு பஃப்பின் எடை கிடைத்துவிடும். பிறகு நோயாளியின் கேனிஸ்டரில் குறைந்த எடையை அதால் வகுக்கவேண்டியதுதான். தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கும் பழைய வழக்கம் இருந்தால் அதை இன்றோடு நிறுத்துங்கள். அதில் கிடைக்கும் விடை தவறு, வால்வுக்குள் தண்ணீரும் போகும். இன்னொன்று: குறித்த டோஸ்கள் முடிந்த பிறகும் உந்துவாயு மிச்சமிருக்கும், புகை போல வரத்தான் செய்யும். 'இன்னும் வருகிறதே' என்று மாதக்கணக்கில் வெறும் வாயுவை இழுத்துக்கொண்டிருப்பவரை, மருந்து வாங்கிய தேதியைக் கேட்காமல் கண்டுபிடிக்க முடியாது.

ஆகவே வாங்கிய தேதிகள். இது கவுண்டரைவிடப் பெரிய காலத்தைக் காட்டும் கண்ணாடி. 30 நாளுக்கான இன்ஹேலரை ஒருவர் 1, 41, 101 ஆகிய நாள்களில் வாங்கியிருக்கிறார், இன்று 180-ஆவது நாள். கையில் மருந்து இருந்தது 90 நாள், ஆக 50 சதவீதம். ஆனால் இடைவெளிகளைப் பாருங்கள்: 10 நாள், 30 நாள், 50 நாள். ஒவ்வொரு முறையும் நீண்டுகொண்டே போகிறது. அடுத்த முறை இவர் வாங்க வருவாரா என்பதே சந்தேகம். கணக்குப் போடும்போது கடைசியாக வாங்கிய நாளோடு நிறுத்திவிடாதீர்கள், இன்றைய தேதி வரை போடுங்கள். இல்லாவிட்டால் அந்த 50 நாள் கணக்கிலிருந்தே மறைந்துவிடும். ஒரே தடவை இரண்டு வாங்கி வைப்பவருக்கு, 'மொத்தம் வாங்கியது' என்ற கணக்கு 100-ஐத் தாண்டும். 'எத்தனை நாள் கையில் மருந்து இருந்தது' என்று நாள்களை எண்ணினால் தாண்டாது. இரண்டாவதே நல்லது. சீட்டு எழுதிக் கொடுத்தும் ஒரு தடவைகூட வாங்காதவர்கள் இந்தப் பட்டியலில் வரவே மாட்டார்கள். அவர்களைத் தனியே தேடவேண்டும்.

அதே தேதிகளில் ரிலீவரையும் பாருங்கள். 200 டோஸ் ரிலீவர் ஆண்டுக்கு மூன்றோ அதற்கு மேலோ தீர்ந்தால் கடும் தாக்குதலுக்கான அபாயம் கூடுகிறது, மாதம் ஒன்று வீதம் தீர்ந்தால் உயிருக்கே அபாயம் கூடுகிறது என்று உலக ஆஸ்துமா வழிகாட்டியான ஜினா எச்சரிக்கிறது. தடுப்பு மருந்து ஆண்டுக்கு நான்கு, ரிலீவர் பத்து என்று வாங்கியவரின் கதையை அந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.

கேட்பதால் பயனில்லை என்ற எண்ணம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. அதை மட்டும் ஏற்கமாட்டேன். வாய்மொழி மிகைப்படும் என்பது உண்மை. 1996-இல் வெளியான ஓர் ஆய்வில், 8 முதல் 12 வயதுக் குழந்தைகள் 24 பேரின் டைரிகளையும் இன்ஹேலரில் பொருத்திய எலெக்ட்ரானிக் பதிவுகளையும் ஒப்பிட்டார்கள். தடுப்பு மருந்தான ஸ்டீராய்டு இன்ஹேலரை எடுத்ததாக டைரியில் இருந்தது 95.4 சதவீதம். கருவி பதிந்தது 58.4. நடுவே இவ்வளவு பள்ளம். ஆனால் ஒரு பக்கம் மட்டும் நம்பலாம்: 'எடுக்கவில்லை' என்று ஒருவர் ஒப்புக்கொண்டால் அது பெரும்பாலும் உண்மைதான். அந்த வாக்குமூலம் வரும்படி கேட்பதில்தான் திறமை இருக்கிறது. 'ஒழுங்கா எடுக்கிறீங்களா?' என்பதற்கு 'ஆமா' தவிர வேறு பதில் சொல்ல யாருக்கும் வாய் வராது. இப்படிக் கேட்டுப் பாருங்கள்: 'நிறையப் பேருக்கு தினமும் எடுக்கிறது கஷ்டமாத்தான் இருக்கு. போன நாலு வாரத்துல, வாரத்துக்கு எத்தனை நாள் எடுக்க முடிஞ்சுது? காலையில ஞாபகம் வருதா, ராத்திரியா?' முதலில் கேள்வி, பிறகு கவுண்டர். முதலில் கவுண்டரைக் கையில் வாங்கிவிட்டால், பதில் அந்த எண்ணுக்கு ஏற்றபடி வளைந்துகொடுக்கும்.

வினாத்தாளாக வேண்டுமென்றால், மருந்தை எப்படி எடுக்கிறார் என்பதை நோயாளியே குறிக்கும், ஆஸ்துமாவுக்கான மார்ஸ் அளவுகோலில் 10 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 மதிப்பெண். சராசரி 4.5-உம் அதற்கு மேலும் நல்ல கடைப்பிடிப்பு என்று கொள்வது வழக்கம். இன்ஹேலருக்கென்றே உருவாக்கிய டி.ஏ.ஐ வினாத்தாள் உங்கள் வேலைக்கு இன்னும் பொருத்தம். அதன் முதல் 5 கேள்விகள் மறதியையும் ஒழுங்கின்மையையும் பிடிக்கும். அடுத்த 5, தெரிந்தே விடுவதைப் பிடிக்கும். பத்திலும் சேர்த்து முழு 50 எடுத்தால்தான் நன்று, 46 முதல் 49 வரை நடுத்தரம், 45-உம் அதற்குக் கீழும் குறைவு. அதன் நீண்ட வடிவத்தில், சொன்ன அளவு நோயாளிக்கு ஞாபகம் இருக்கிறதா, செய்முறை சரியா என்று பார்ப்பவரே நிரப்பும் இரண்டு கேள்விகள் கூடுதலாக உண்டு. அனுமதி பெற்று, சரிபார்த்த மொழிபெயர்ப்பை மட்டுமே பயன்படுத்துங்கள். மேசையில் உட்கார்ந்து நாமே மொழிபெயர்த்த வாக்கியத்துக்கு அந்த மதிப்பெண் எல்லைகள் செல்லாது.

தெரிந்தே விடுபவரிடம் நினைவூட்டும் அலாரம் வேலை செய்யாது. 'பம்ப் அடிச்சா பழகிடும்', 'ஸ்டீராய்டுன்னா உடம்பு ஊதிடும்', 'நல்லாத்தானே இருக்கேன்' என்ற மூன்றில் எது அவர் மனதில் ஓடுகிறது என்று தெரிந்தால்தான் பேச்சைத் தொடங்கவே முடியும். மறப்பவருக்கு அலாரம் நன்றாகவே வேலை செய்கிறது. நியூசிலாந்தில் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தி 2015-இல் வெளியான ஆய்வில், ஒலி ஒளியால் நினைவூட்டும் கருவி பொருத்தியவர்களின் கடைப்பிடிப்பு 84 சதவீதம், நினைவூட்டல் இல்லாதவர்களுக்கு 30. போன் அலாரமும் பல் துலக்கும் பிரஷ்ஷுக்குப் பக்கத்தில் வைத்த இன்ஹேலரும் அந்தக் கருவிக்கு ஈடாகாது. ஆனால் தொடங்க அது போதும்.

அடுத்தது செய்முறை. எண்ணிக்கை 100 சதவீதம், செய்முறை பூஜ்யம் என்றால் நுரையீரலுக்குப் போனதும் பூஜ்யத்துக்குப் பக்கம்தான். ஒவ்வொரு வருகையிலும் மருந்தில்லாத மாதிரிக் கருவியைக் கையில் கொடுத்து, 'வீட்டில் எடுக்கிற மாதிரியே செய்து காட்டுங்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு பாருங்கள். ஸ்ப்ரே வகையில் பார்க்கவேண்டியது: குலுக்கினாரா, மூச்சை வெளியே விட்டாரா, உறிஞ்சத் தொடங்கும்போதே அழுத்தினாரா, நான்கைந்து விநாடி மெதுவாக இழுத்தாரா, முடிந்தால் பத்து விநாடி அடக்கினாரா. ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் குழாய் போன்ற கூடு) இருந்தால் ஒரு தடவைக்கு ஒரு பஃப். இரண்டையும் சேர்த்து அடித்துவிட்டு இழுப்பவர்கள் ஏராளம். பவுடர் வகைக்கு இழுப்பு நேர்மாறு. தொடக்கத்திலிருந்தே வேகமாக, ஆழமாக. கருவிக்குள் ஊதிவிட்டால் ஈரம் பட்டு மாவு கட்டிக்கொள்ளும். ஒருவருக்கே தடுப்பு மருந்து பவுடராகவும் ரிலீவர் ஸ்ப்ரேயாகவும் இருந்தால் இந்த இரண்டு இழுப்பும் அவருக்குள் கலந்துபோகும். அதைப் பார்த்தால் டாக்டரிடம் சொல்லி ஒரே வகைக்கு மாற்றக் கேளுங்கள்.

எல்லாம் சரி என்று தோன்றியும் நோய் அடங்காதவருக்கு, வசதியுள்ள மையங்களில் ஃபீனோ அடக்குச் சோதனை செய்கிறார்கள். ஃபீனோ என்பது மூச்சில் வரும் நைட்ரிக் ஆக்சைடின் அளவு. அது முதலில் உயர்ந்திருக்கவேண்டும். பிறகு ஒரு வாரம் தினமும் கண்ணெதிரே, அல்லது வீடியோவில், ஸ்டீராய்டு இன்ஹேலரை எடுக்கச் செய்து மறுபடி அளப்பார்கள். சுமார் 40 சதவீதத்துக்கு மேல் சரிந்தால், அதுவரை மருந்து நுரையீரலுக்குப் போதுமான அளவு போகவில்லை என்று பொருள். எடுக்காததாலா, தவறாக எடுத்ததாலா என்பதை இந்தச் சோதனை பிரித்துச் சொல்லாது. அதற்கு உங்கள் பதிவேடுதான் வேண்டும்.

எத்தனை சதவீதம் என்று கேட்டீர்கள். 80 என்ற எல்லை எங்கும் புழங்குகிறது. அது உயர் ரத்த அழுத்த மாத்திரை ஆய்வுகளிலிருந்து வந்து நிலைத்துவிட்ட வழக்கம், ஆஸ்துமாவில் 79-க்கும் 81-க்கும் நடுவே எந்தக் கோடும் இல்லை. ஆகவே 'சரி, தவறு' என்று எழுதாமல் எண்ணையே எழுதுங்கள். நோயின் கட்டுப்பாட்டையும் பக்கத்திலேயே எழுதுங்கள். 50 சதவீதம் எடுத்தும் இரவில் நிம்மதியாகத் தூங்கி, ரிலீவர் தேவைப்படாமல் இருப்பவருக்கு, எழுதிய அளவே கூடுதலாக இருக்கலாம். குறைப்பதைப் பற்றி டாக்டர் முடிவெடுப்பார். 95 சதவீதம், செய்முறையும் சரி, ஆனாலும் திணறல் என்றால் இது உண்மையில் ஆஸ்துமாதானா, புகையோ வேலையிடத் தூசியோ காரணமா என்ற விசாரணைக்கு அவர் போகவேண்டும். ஒரே இன்ஹேலரைத் தினசரி மருந்தாகவும் ரிலீவராகவும் எழுதியிருந்தால் 100-ஐத் தாண்டுவது இயல்பு. அவர்களுக்குச் சதவீதம் போடாமல், காலை இரவு வேளைகளில் எத்தனை விட்டுப்போனது, இடையில் எத்தனை கூடுதல் என்று கேட்டுத் தனித்தனியே எழுதுங்கள்.

டாக்டருக்கு நீங்கள் அனுப்பும் குறிப்பு ஐந்தாறு வரி போதும். மேலே சொன்ன 54 சதவீதக்காரருக்கு எழுதினால் இப்படி இருக்கும்: '24 நாள் கணக்கு. அவர் சொன்னது: வாரத்தில் 5 நாள். கவுண்டர்: 96-க்கு 52, முதல் 8 நாளுக்குப் பிறகு சரிவு. ரிலீவர்: 61 பஃப், பாதிக்கு மேல் கடைசி வாரத்தில். செய்முறை: வேகமாக இழுக்கிறார், மூச்சை அடக்குவதில்லை, திருத்திக் காட்டினேன், மறுமுறை சரியாகச் செய்தார். காரணம்: மூச்சு இலகுவானதும் ஸ்டீராய்டு பயத்தில் குறைத்துக்கொண்டார். தாங்கள் அவரிடம் ஸ்டீராய்டு பற்றிப் பேசவேண்டும். உடனடி ஆபத்து இல்லையென்று தாங்கள் கருதினால், அளவைக் கூட்டும் முன் 4 வாரம் கழித்து மறுபடி அளந்து சொல்கிறேன்.'